லினக்ஸ் லேப்டாப்பில் வைஃபை அடிக்கடி நின்றுபோனால் எங்கே தேடுவது?

கேள்வி இதுதான். மூன்று வருடப் பழைய லேப்டாப், விலை குறைந்த மாடல். அதில் லினக்ஸ் மின்ட் 22 போட்டிருக்கிறீர்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை நெட் நின்றுவிடுகிறது. வைஃபை ஐகான் முழுக்கோடுகளோடு அப்படியே இருக்கிறது, பக்கம் மட்டும் திறப்பதில்லை. வைஃபையை அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறது. அதே அறையில் போனில் ஒரு குறையும் இல்லை. உள்ளே இருப்பது ரியல்டெக் ஆர்டிஎல்8821சிஇ சிப். இணையத்தில் கிடைத்த ஏழெட்டு வைத்தியத்தையும் செய்து பார்த்தாயிற்று, மறுபடி விண்டோஸுக்கே போய்விடலாமா என்று கேட்கிறீர்கள்.

போக வேண்டாம். ஆனால் செய்து பார்த்த அந்த ஏழெட்டு வைத்தியத்தையும் முதலில் கழற்றிவிடுங்கள். வைஃபை விஷயத்தில் நான் பார்த்தவரை பாதித் தொல்லை நோயால் வருவது, மீதிப் பாதி மருந்தால் வருவது. இன்டெல் சிப்புக்குச் சொன்ன வரியை ரியல்டெக் லேப்டாப்பில் ஒட்டினால் எதுவும் நடக்காது, ஒட்டியவருக்கு அது தெரியவும் தெரியாது. இரண்டு நாள் தற்செயலாக நன்றாக ஓடும், மூன்றாம் நாள் பழைய கதை.

ஒரு குறிப்பு: கட்டளைகளைத் தமிழில் ஒலிப்பாகத்தான் எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, உண்மையில் நிற்பது எது என்று கண்டுபிடிப்பது. "நெட் போச்சு" என்பது ஒரே சொல்தான், ஆனால் லேப்டாப்பில் இருந்து ரவுட்டர் வரை ஒரு பாதை, ரவுட்டரில் இருந்து வெளியுலகம் வரை இன்னொரு பாதை, தளத்தின் பெயரை எண்ணாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் மூன்றாவது. மூன்றில் எது நின்றாலும் பிரவுசரில் தெரிவது ஒரே சுற்றல்தான்.

மூன்று டெர்மினல் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ரவுட்டரின் எண்ணுக்கு பிங் (பதில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும் கட்டளை) ஓடட்டும். அந்த எண் தெரியாவிட்டால் "ஐபி ரூட்" என்று அடித்தால் டீஃபால்ட் என்று தொடங்கும் வரியில் இருக்கும், பெரும்பாலும் 192.168 என்று ஆரம்பிக்கும். இரண்டாவதில் வெளியுலகில் இருக்கும் கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்கு ஒரு பிங். மூன்றாவது காலியாக இருக்கட்டும், நெட் நின்றதும் அதில் ஏதாவது ஒரு தளத்தின் பெயருக்குப் புதிதாக ஒரு பிங் போடுங்கள். பெயரை எண்ணாக மாற்றுவது பிங் தொடங்கும்போது மட்டும்தான், முன்பே ஓடிக்கொண்டிருப்பது டிஎன்எஸ் நின்றதைக் காட்டாது. அப்படியே விட்டுவிட்டு வழக்கமான வேலையைப் பாருங்கள். நெட் நின்ற நிமிடம் மூன்றையும் பார்த்து, மணியோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டர் பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் லேப்டாப் குற்றமற்றது. ரவுட்டரையோ இணைப்புக் கொடுத்தவரையோதான் பிடிக்க வேண்டும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் அது எத்தனை நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும். நேற்று இரவு போட்டது "40 நிமிடம்" என்று காட்டினால், ரவுட்டரே தானாக அணைந்து எழுகிறது என்று அர்த்தம், அதன் அடாப்டர் தொய்ந்துபோயிருக்கலாம். எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு மட்டும் வரவில்லை என்றால் டிஎன்எஸ். நெட்வொர்க் அமைப்பில் வேறு டிஎன்எஸ் எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"போனில் நன்றாக வருகிறதே" என்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை. இன்றைய போன்கள் வைஃபை தடுமாறினால் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் போனைப் பயன்படுத்திய பிறகு சொல்லுங்கள், அப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சரி, ரவுட்டருக்கான பிங்கே நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐகான் முழுசாக இருக்கும்போதே நிற்கிறது என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். நிற்பதற்கு முன்னால் அந்த பிங் எண்கள் எப்படி இருந்தன என்பதையும் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் ரவுட்டர் 2 முதல் 5 மில்லிவினாடிக்குள் பதில் சொல்ல வேண்டும். 3, 4, 180, 5, 240, 3 என்று தாறுமாறாகக் குதித்தால் சிப் இடையிடையே தூங்கி எழுகிறது என்று சந்தேகப்படலாம்.

தூக்கம் என்று சும்மா சொல்லவில்லை. வைஃபை தரத்திலேயே அதற்கு ஏற்பாடு இருக்கிறது. ரவுட்டர் வழக்கமாக 102.4 மில்லிவினாடிக்கு ஒரு முறை பீக்கன் என்ற சிறு அறிவிப்பை ஒலிபரப்புகிறது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நினைக்கும் லேப்டாப், "நான் தூங்கப் போகிறேன், எனக்கு வருவதை எடுத்து வை" என்று ரவுட்டரிடம் சொல்லிவிட்டு ரேடியோவை அணைத்துவிடும். பீக்கன் வரும் நேரத்துக்கு விழித்து, தனக்கு ஏதாவது காத்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வாங்கிக்கொண்டு மறுபடி தூங்கும். இரண்டு பக்கமும் ஒழுங்காக நடந்தால் பேட்டரிக்கு நல்லது. ஒரு பக்கம் கணக்குத் தப்பினால், லேப்டாப் தூங்குகிறது என்று ரவுட்டர் நினைத்துக்கொண்டிருக்கும், விழித்திருப்பதாக லேப்டாப் நினைத்துக்கொண்டிருக்கும். இணைப்பு இருக்கும், பேச்சு இருக்காது. முழுக்கோடு ஐகானுக்கும் திறக்காத பக்கத்துக்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்தது பதிவேடு. "ஜர்னல்சிடிஎல்" கட்டளையோடு கே, எஃப் என்ற இரண்டு ஆப்ஷனையும் சேர்த்து ஓடவிட்டால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பேசுவது உடனுக்குடன் தெரியும். உங்கள் சிப்பில் நான் தேடச் சொல்வது, உறக்க நிலையை விட்டு ஃபர்ம்வேரால் (சிப்புக்குள் ஓடும் மென்பொருளால்) வெளியே வர முடியவில்லை என்று சொல்லும் வரி. அதில் எல்பிஎஸ் என்ற மூன்றெழுத்து இருக்கும். எச்2சி கட்டளை (டிரைவர் சிப்புக்கு அனுப்பும் உத்தரவு) அனுப்ப முடியவில்லை என்ற வரியும் அதே குடும்பம்தான். இவை நெட் நின்ற மணியோடு பொருந்தி வந்தால் வழக்கு முடிந்தது, தூக்கம்தான் குற்றவாளி.

அதற்குப் பதிலாக டீஆதன்டிகேட்டட் என்று தொடங்கி ரீசன் என்று ஒரு எண் வந்தால் கதை வேறு. இணைப்பு ஏன் அறுந்தது என்பதற்கு வைஃபை தரத்தில் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். 3 என்று வந்து, கூடவே பை லோக்கல் சாய்ஸ் என்றும் இருந்தால் அறுத்தது உங்கள் லேப்டாப்பே. 4 என்றால், வெகுநேரம் சத்தத்தையே காணோம் என்று ரவுட்டர் உங்களைக் கழற்றிவிட்டது, அதுவும் பல நேரம் தூக்கத்தில்தான் போய் முடியும். 15 என்றால் கடவுச்சொல் கைகுலுக்கல் நேரத்துக்குள் முடியவில்லை. கடவுச்சொல் சரியாக இருந்தும் 15 வந்தால் சிக்னல் பலவீனமா என்று பாருங்கள். இல்லையென்றால் ரவுட்டர் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற பாதுகாப்பு முறைகள் இரண்டையும் கலந்து கொடுக்கிறதா என்று பாருங்கள். பழைய சிப்கள் அந்தக் கலப்பில் தடுமாறுவது உண்டு. சோதனைக்கு ரவுட்டரில் டபிள்யூபிஏ2 மட்டும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது உங்கள் சிப். 8821சிஇ ஒரு ஸ்ட்ரீம் மட்டுமே உள்ள, ப்ளூடூத்தும் சேர்ந்த, மலிவு லேப்டாப்களில் ஏராளமாகப் போட்ட சிப். நல்ல நாளிலேயே காகிதத்தில் 433 எம்பிபிஎஸ்தான் அதன் உச்சம். இதற்கு லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே டிரைவர் வந்தது 5.9 பதிப்பில் இருந்து. அதற்கு முன்னால் வெளியில் இருந்து டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கெர்னலுக்கும் டிரைவரைத் திரும்பக் கட்டித் தரும் ஏற்பாடு) வழியாக ஒரு டிரைவரைக் கட்டிப் போட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் எழுதிய குறிப்புகள் இன்னும் இணையத்தில் முதல் வரிசையில் நிற்கின்றன. மின்ட் 22 வந்ததே 6.8 கெர்னலோடு. அதன் மேல் அந்தப் பழைய டிரைவரையும் போட்டால் ஒரே சிப்புக்கு இரண்டு ஓட்டுநர். ஒவ்வொரு கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகும் எது ஸ்டியரிங்கைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் செய்து பார்த்ததாகச் சொன்ன வைத்தியத்தில் இதுவும் இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன்.

பார்ப்பது சுலபம். "எல்எஸ்பிசிஐ" கட்டளையோடு கே ஆப்ஷன் சேர்த்து அடித்தால், வைஃபை சிப்பின் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். ஆர்டிடபிள்யூ என்று தொடங்கி 8821சிஇ என்று முடிந்தால் கெர்னலின் சொந்த டிரைவர். ஆர்டிஎல் என்று தொடங்கினால் வெளியில் இருந்து வந்தது. "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" என்று அடித்து, பட்டியலில் 8821சிஇ இருந்தால் அந்தப் பொதியை நீக்கிவிடுங்கள். ஈடிசிக்குள் இருக்கும் மோட்ப்ரோப்.டி கோப்புறையில் கெர்னல் டிரைவரைத் தடுத்து ஏதாவது பிளாக்லிஸ்ட் வரி எழுதியிருந்தால் அதையும் அழியுங்கள். பிறகு ரீஸ்டார்ட். தொடக்கப் புள்ளி இது.

தூக்கத்தைக் கலைப்பது எப்படி என்று பார்ப்போம். இதில் எல்லோரும் தவறவிடும் ஒன்று: தூக்கம் ஒரு இடத்தில் இல்லை, அடுக்கடுக்காக இருக்கிறது. மேல் அடுக்கை மட்டும் அணைத்துவிட்டு "பவர் சேவ் அணைத்துவிட்டேன், பலனில்லை" என்று விட்டுவிடுகிறார்கள்.

மேல் அடுக்கு, சற்றுமுன் சொன்ன பீக்கன் தூக்கம். "ஐடபிள்யூ" என்ற கட்டளையில் டெவ், பிறகு உங்கள் வைஃபை கார்டுக்கு லினக்ஸ் வைத்திருக்கும் பெயர் (ரவுட்டரின் பெயர் அல்ல), பிறகு கெட், பவர்_சேவ் என்று கேட்டால் ஆன் அல்லது ஆஃப் என்று சொல்லும். கெட்டுக்குப் பதில் செட் போட்டு, கடைசியில் ஆஃப் என்று கொடுத்தால் அந்த நிமிடமே அணையும், ஆனால் ரீஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்துவிடும். நிரந்தரமாக அணைக்க, ஈடிசி கோப்புறைக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்று போனால் பெயரில் வைஃபை-பவர்சேவ்-ஆன் என்று ஒரு சிறு கோப்பு இருக்கும். உபுண்டு இதை இயல்பாகவே போட்டு அனுப்புகிறது, மின்ட் அதன் வழி வந்ததுதானே. அதில் 3 என்று இருப்பதை 2 ஆக்குங்கள். 3 என்றால் தூக்கம் உண்டு, 2 என்றால் இல்லை. எண் பெரிதானால் விழிப்பு என்று நினைத்து 3-ஐ 4 ஆக்கியவரைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் அடுக்கு டிரைவருக்குள் இருக்கிறது. ஆர்டிடபிள்யூ88 டிரைவரில் ஆழ்ந்த எல்பிஎஸ் என்று ஒரு நிலை உண்டு. சிப்பின் பெரும்பகுதியையே அணைத்துவைக்கும் தூக்கம் அது, எழுவதற்கு ஃபர்ம்வேரின் தயவு வேண்டும். அதை அணைக்க ஆர்டிடபிள்யூ88_கோர் மாட்யூலுக்கு (டிரைவரின் ஒரு பகுதி) டிஸேபிள்_எல்பிஎஸ்_டீப் என்ற ஆப்ஷன்.

மூன்றாம் அடுக்கு சிப்பில்கூட இல்லை, சிப்பையும் மதர்போர்டையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில் இருக்கிறது. ஏஎஸ்பிஎம் என்பார்கள். பாதையில் போக்குவரத்து இல்லாவிட்டால் பாதையே உறங்கும். சில லேப்டாப்களின் பயாஸும் சில சிப்களும் இந்த உறக்கத்தை விட்டு எழும் நேரத்தில் ஒத்துப்போவதில்லை. ஆர்டிடபிள்யூ88_பிசிஐ மாட்யூலுக்கு டிஸேபிள்_ஏஎஸ்பிஎம் என்ற ஆப்ஷன் இதற்காகத்தான்.

இந்த இரண்டையும் மோட்ப்ரோப்.டி கோப்புறையில் ஒரு கோப்பில் ஆப்ஷன்ஸ் என்று தொடங்கும் வரிகளாக எழுத வேண்டும். ஆனால் நான் சொன்னேன் என்று எழுதாதீர்கள். "மோட்இன்ஃபோ" கட்டளையோடு பி ஆப்ஷனும் மாட்யூலின் பெயரும் கொடுத்தால், உங்கள் கெர்னலில் இருக்கும் அந்த மாட்யூல் எந்தெந்த ஆப்ஷனை ஏற்கும் என்று அதுவே பட்டியல் போடும். பட்டியலில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். வெளியில் இருந்து கட்டிய சில பதிப்புகளில் மாட்யூலின் பெயரே கொஞ்சம் மாறியிருக்கும், அதனால் இந்தப் பழக்கம் அவசியம். இணையத்தில் இருந்து வரி ஒட்டுகிற எல்லோருக்கும் இந்த ஒரு கட்டளையைச் சொல்லிக்கொடுத்தால் பாதிப் புலம்பல் குறையும்.

எழுதியதும் முழுதாக ஷட்டவுன் செய்து போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு அடுக்குதான். முதலில் மேல் அடுக்கை அணைத்து ஒரு நாள் பாருங்கள். நின்றுபோனால் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது, அடுத்த வருடம் மின்ட் மாற்றும்போது மறுபடி முதலில் இருந்து தொடங்குவீர்கள்.

டிஎல்பி என்ற பேட்டரிச் சிக்கனப் பொதி போட்டிருந்தால் நான்காவதாக ஒரு கை உள்ளே இருக்கிறது. சார்ஜர் செருகியிருக்கும்போது வைஃபையை விழிக்கவிட்டு, பேட்டரிக்கு மாறியதும் தூங்க வைப்பது அதன் இயல்பான அமைப்பு. "சார்ஜர் போட்டிருந்தால் பிரச்சினை இல்லை, சோபாவுக்கு எடுத்துப் போனால் வருகிறது" என்று யாராவது சொன்னால் சோபாவின் தூரத்தைச் சந்தேகிக்கும் முன் டிஎல்பியின் அமைப்புக் கோப்பைப் பார்ப்பேன். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுமோ என்று இதையெல்லாம் அணைக்கப் பயப்பட வேண்டாம். திரையின் வெளிச்சத்தை இரண்டு படி குறைத்தால் அந்தக் கணக்கு நேராகிவிடும்.

தூக்கம் இல்லை, சிக்னல்தான் பிரச்சினை என்றால்? ஐகானின் கோடுகளை நம்பாதீர்கள். "ஐடபிள்யூ டெவ்" என்று தொடங்கி வைஃபையின் பெயர் கொடுத்து லிங்க் என்று முடித்தால், சிக்னல் எத்தனை டிபிஎம் என்று மைனஸ் எண்ணில் வரும். -50 அருமை. -67 வரை வீடியோ அழைப்புக்குக் கவலையில்லை. -75 தாண்டினால் தடுமாறும், -80க்குக் கீழே பிழைத்திருப்பதே பெரிது. பத்து எண் இறங்கினால் சக்தி பத்தில் ஒன்றாகிறது என்பதை நினைவில் வையுங்கள்: -60க்கும் -70க்கும் நடுவே இருப்பது பத்து மடங்கு வித்தியாசம். லிங்க் என்பதற்குப் பதிலாக ஸ்டேஷன் டம்ப் என்று கேட்டால், எத்தனை பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருந்தது என்ற கணக்கும் கிடைக்கும். சிக்னல் நன்றாக இருந்தும் ரீட்ரை எண் விறுவிறுவென்று ஏறினால், சத்தம் அதிகமான சந்தையில் நின்று பேசுகிறீர்கள் என்று பொருள்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அப்படி ஒரு சந்தைதான். 13 சேனல் என்று பெயர், ஆனால் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூடியவை 1, 6, 11 மட்டுமே. அடுக்குமாடியில் இருபது ரவுட்டர் இந்த மூன்றைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. போதாக்குறைக்கு ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே அலைவரிசை. யூஎஸ்பி 3.0 சாதனங்களும் கேபிள்களும் இதே 2.4 பட்டையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெலே 2012-இல் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. லேப்டாப்பில் வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருகும்போது மட்டும் வைஃபை தள்ளாடுகிறதா என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள். ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு ஓடும்போது மட்டும் வைஃபை நின்றால் அது உங்கள் சிப்பின் குணம்: இரண்டும் ஒரே சிப், பெரும்பாலும் ஒரே ஆன்டெனா. இதற்கெல்லாம் நேர்வழி, லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவது. ரவுட்டரில் இரண்டு பட்டைக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் லேப்டாப் தானாகத் தாவித் தாவி அலையாது.

5 கிகாஹெர்ட்ஸிலும் இரண்டு கண்ணி உண்டு. 52 முதல் 144 வரையான சேனல்களை ரேடார்களோடு பகிர்ந்துகொள்கிறோம். ரேடார் சத்தம் கேட்டால் ரவுட்டர் உடனே சேனலைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. அப்படிப் போய் அமரும் புதிய சேனலும் அதே வகையாக இருந்தால், குறைந்தது 60 வினாடி காது கொடுத்துக் கேட்ட பிறகே பேசலாம். நாளுக்கு இரண்டு மூன்று முறை, சரியாக ஒரு நிமிடம் நெட் போய் வருகிறது என்றால் ரவுட்டர் எந்தச் சேனலில் இருக்கிறது என்று பாருங்கள், 36 முதல் 48க்குள் மாற்றிப் போடுங்கள். இன்னொன்று நாட்டுக் குறியீடு. "ஐடபிள்யூ ரெக் கெட்" என்று அடித்தால் இந்தியா என்பதற்கான ஐஎன் வர வேண்டும். 00 என்று வந்தால் கெர்னலுக்கு நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியவில்லை, அதனால் உலகம் முழுக்கப் பொருந்தும் கடுமையான விதிகளைப் பின்பற்றுகிறது. சில சேனல்கள் அப்போது கண்ணிலேயே படாமல் போகலாம். போனில் தெரியும் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் லேப்டாப்பில் மட்டும் தெரியவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எண் எதுவும் பேசாத இடம் ஒன்று இருக்கிறது: ஆன்டெனா. லேப்டாப்பின் ஆன்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றி இருக்கிறது, அங்கிருந்து மெல்லிய வயர் கீல் வழியாக இறங்கி வந்து வைஃபை கார்டில் பொத்தான் போல அழுந்தி நிற்கும். என் பழைய லேப்டாப்பை விசிறி சுத்தம் செய்யக் கொடுத்து வாங்கினேன். அன்றிலிருந்து ரவுட்டருக்கு அருகே அமர்ந்தால்தான் நெட். கெர்னல் அப்டேட்டைத் திட்டிக்கொண்டு பதினைந்து நாள் போனது. கடைசியில் மூடியைக் கழற்றினால், வயர் கார்டின் மேல் சும்மா படுத்திருந்தது, பொத்தான் மாட்டவே இல்லை. ஒரே அறையில் போன் -45 காட்ட, லேப்டாப் -75 காட்டினால் மென்பொருளை விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள்.

இதற்கு ஒரு விசித்திரமான மென்பொருள் உறவினரும் உண்டு. உங்கள் சிப்பின் மூத்த அண்ணன் ஆர்டிஎல்8723பிஇ. அதில் இரண்டு ஆன்டெனா இணைப்பு உண்டு, ஆனால் பல லேப்டாப்களில் ஒரே ஒரு ஆன்டெனாவைத்தான் மாட்டியிருந்தார்கள். டிரைவரோ காலியான இணைப்பில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ஏஎன்டி_செல் என்ற ஆப்ஷனுக்கு 1 அல்லது 2 கொடுத்தால் சரியான இணைப்புக்கு மாறி, செத்துக் கிடந்த சிக்னல் நிமிர்ந்து உட்காரும். இது அந்தச் சிப்புக்கு மட்டும். 8821சிஇயில் ஒட்டிப் பார்க்காதீர்கள்.

இதே கேள்வியோடு வேறு சிப் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக. இன்டெல் என்றால் டிரைவர் ஐடபிள்யூஎல்வைஃபை. பதிவேட்டில் மைக்ரோகோட் எஸ்டபிள்யூ எரர் என்று வந்தால் ஃபர்ம்வேர் விழுந்து எழுகிறது, லினக்ஸ்-ஃபர்ம்வேர் பொதியைப் புதுப்பியுங்கள். புதுப்பித்த பிறகுதான் இந்தத் தொல்லை என்றால் லேப்டாப் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலில் ஏறிப் பாருங்கள். 11என்_டிஸேபிள் என்ற ஆப்ஷனுக்கு 1 கொடுக்கச் சொல்லும் அறிவுரை இன்னும் உயிரோடு இருக்கிறது. அது வேலை செய்யும், வேகத்தை 54 எம்பிபிஎஸுக்குள் அடைத்துவிட்டு வேலை செய்யும். காலை வெட்டினால் கால்வலி போகும்தான். மீடியாடெக் எம்டி7921 என்றால் ஏஎஸ்பிஎம்மை முதலில் சந்தேகியுங்கள், அதன் டிரைவரிலும் டிஸேபிள்_ஏஎஸ்பிஎம் உண்டு. டெபியன் போட்டவர்கள் 12-க்கு முந்தைய பதிப்பில் இருந்தால் ஃபர்ம்வேரே இல்லாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். சுதந்திர உரிமம் இல்லாத ஃபர்ம்வேரை நிறுவியிலேயே சேர்த்துக்கொள்ளலாம் என்று டெபியன் 2022-இல் வாக்கெடுத்து முடிவுசெய்தது, 2023 ஜூனில் வந்த 12-இல் அது நடைமுறைக்கு வந்தது. ஃபர்ம்வேரை இறக்கவே நெட் இல்லை என்றால் போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போடுங்கள். அது லினக்ஸுக்கு லேன் கேபிள் மாதிரிதான் தெரியும், டிரைவர் தேட வேண்டியதில்லை.

வீட்டில் ஒரே பெயரில் ரவுட்டரும் எக்ஸ்டெண்டரும் இருந்தால் லேப்டாப் இரண்டுக்கும் நடுவே ஊசலாடலாம். நெட்வொர்க் அமைப்பில் பிஎஸ்எஸ்ஐடி (ஒவ்வொரு கருவிக்கும் தனியான அடையாளம்) என்ற கட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிடலாம். பூட்டிய பிறகு நெட் நிலைத்து நின்றால் காரணம் கிடைத்துவிட்டது.

எல்லாம் பார்த்தும் 8821சிஇ அடங்கவில்லை என்றால் என் யோசனை: அதைத் திருத்துவதை விட்டுவிட்டுக் கார்டை மாற்றுங்கள். இந்தச் சிப்போடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டும் நேரத்தின் விலையைவிடக் கார்டின் விலை குறைவு. பெரும்பாலான லேப்டாப்களில் அது எம்.2 2230 அளவில் ஒரே ஸ்க்ரூவில் நிற்கும் துண்டு. சிலவற்றில் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பார்கள், அதனால் வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்குங்கள். ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 வேண்டாம். பெயரில் ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் அவை வைஃபையின் பாதி வேலையைக் குறிப்பிட்ட இன்டெல் பிராசஸருக்குள் இருக்கும் பகுதியிடம் விட்டுவிடும் வகை. ஏஎம்டி லேப்டாப்பில் செருகினால் அடையாளமே தெரியாது. அந்த 0-வையும் 1-ஐயும் கவனிக்காமல் வாங்கித் திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர்.

கார்டில் இரண்டு ஆன்டெனா இணைப்பு இருக்கும். உங்கள் லேப்டாப்பில் வயர் ஒன்றுதான் வந்திருந்தால் மெயின் என்று குறித்திருக்கும் இணைப்பில் மாட்டுங்கள், வேகம் பாதியானாலும் ஓடும். மாட்டும்போது நகத்தால் நேராக அழுத்த வேண்டும், "டிக்" என்று சத்தம் கேட்கும் வரை. மாட்டி முடித்ததும், ஆர்டிடபிள்யூ88க்காக மோட்ப்ரோப்.டியில் எழுதிய வரிகளை மறக்காமல் அழித்துவிடுங்கள்.